சமூகத்தைப் படித்த சுபேதார் மகன்

மந்தைவெளியிலிருந்து அடையாறு நோக்கிப் பேருந்தில் போகிற தோழர்கள் பார்த்திருப்பார்கள். கிரீன்வேஸ் சாலைப் பக்கம் அண்ணல் அம்பேத்கருக்கு ஒரு மணிமண்டபம் இருக்கிறது. ஏப்ரல் 14 அன்றும் டிசம்பர் 6 அன்றும் மாலை ஏந்தி வருவோர் பலர். அரசியல் சட்டம் தீட்டிய மேதை என்று புகழ்வார்கள். ஒடுக்கப்பட்டோரின் விடிவெள்ளி என்று வாழ்த்துவார்கள். அத்தனையும் உண்மை, மறுப்பார் யாருமில்லை. ஆனால், அந்த மேதை கல்லூரியில் என்ன படித்தார்? எந்தப் படிப்பு அவர் கையில் ஆயுதமாயிற்று? கேட்டுப் பாருங்கள், சட்டம் என்பார்கள். விவரம் தெரிந்த சிலர் பொருளாதாரம் என்பார்கள். மூன்றாவது ஒரு படிப்பு இருந்தது. அதைச் சொல்பவர் அரிது.

சென்ற மாதம் படிப்பகத்தில் ஒரு தோழர் மனம் நொந்து பேசினார். முப்பது ஆண்டு ஆலையில் இரும்போடு மாரடித்தவர். மகள் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். அவள் கேட்பது கணக்கு அல்ல, கணிப்பொறி அல்ல. சமூகவியல் படிக்க வேண்டுமாம், பிறகு மானிடவியல் படிக்க வேண்டுமாம். சோறு போடுமா இந்தப் படிப்பு என்று கேட்டார் அவர். மனிதர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதைக் காசு கொடுத்தா படிக்க வேண்டும், அதைத்தான் தினமும் பார்க்கிறோமே என்றார்.

நியாயமான கேள்வி. உழைக்கிறவன் வீட்டில் ஒவ்வொரு காசும் வியர்வை. அதைக் கேட்க அவருக்கு உரிமை உண்டு. அவருக்கு அன்று நான் சொன்ன பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். அது ஒரு மனிதரின் கதை.

கோணிப்பை மாணவன்

1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள், மத்திய இந்தியாவில் மாவ் என்ற ராணுவக் குடியிருப்பில், சுபேதார் ராம்ஜி சக்பாலுக்கும் பீமாபாய்க்கும் பதினான்காவது பிள்ளையாகப் பிறந்தார் பீமராவ். பூர்வீகம் ரத்னகிரி மாவட்டத்து அம்படவே கிராமம். பிறந்த சாதி மகர். ஊரார் கணக்கில் அது தீண்டாத சாதி.

சதாராவில் பள்ளிக்கூடம். மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து உட்காரக் கூடாது. வீட்டிலிருந்து ஒரு கோணிப்பை கொண்டு போய் ஒரு மூலையில் விரித்துக்கொள்ள வேண்டும். தாகம் எடுத்தால் குழாயைத் தொடக் கூடாது. பள்ளிச் சேவகன் திறந்துவிட வேண்டும். சேவகன் வராத நாளில் தண்ணீர் இல்லை. பாடம் உண்டு, தண்ணீர் இல்லை! இப்படியும் ஒரு பள்ளிக்கூடம்!

1901ஆம் ஆண்டு. அப்பா வேலை பார்த்த ஊருக்கு அண்ணனோடும் மற்றப் பிள்ளைகளோடும் ரயிலில் கிளம்பினான் சிறுவன். புதுச் சட்டை, புதுத் தொப்பி. மசூர் நிலையத்தில் இறங்கினார்கள். அழைத்துப் போக யாரும் வரவில்லை. என்ன சாதி என்று தெரிந்ததும் எந்த வண்டிக்காரனும் ஏற்ற மறுத்தான். கடைசியில் ஒருவன் இரட்டை வாடகைக்கு இசைந்தான். அவனும் ஒரு நிபந்தனை போட்டான். பிள்ளைகளே வண்டியை ஓட்ட வேண்டும், அவன் கூட நடந்து வருவான்! இரவெல்லாம் பயணம், கையில் சோறு இருந்தது, குடிக்கத் தண்ணீர் தருவாரில்லை. பசியோடு விடிந்தது பொழுது.

எண்ணிப் பாருங்கள் தோழர்களே! வண்டிக்காரனும் ஏழை. வாடகைக்கு மாடு ஓட்டிப் பிழைப்பவன். இரண்டு மடங்கு கூலி கண்ணெதிரே இருக்கிறது. ஆனாலும் அந்தப் பிள்ளைகளின் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்கிறான். காசைவிட வலிய ஏதோ ஒன்று அவனைப் பிடித்து வைத்திருக்கிறது. அது என்ன? அன்று அந்தச் சிறுவனுக்கு விடை தெரியவில்லை. கேள்வி மட்டும் நெஞ்சில் தங்கிற்று.

பிறகு குடும்பம் பம்பாய்க்கு வந்தது. பரேல் பகுதியில், ஆலைத் தொழிலாளர் நிறைந்த குடியிருப்பில், ஒரே அறை. அதுவே சமையலறை, அதுவே படுக்கையறை, அதுவே படிப்பறை. மகன் முன்னிரவில் தூங்குவான், தந்தை விழித்திருப்பார். இரவு இரண்டு மணிக்கு மகனை எழுப்பிப் படிக்க வைத்துவிட்டு, அந்த இடத்தில் தந்தை படுப்பார். இப்படிப் படித்து 1907இல் மெட்ரிகுலேஷன் தேறினார். அந்நாளில் அந்தச் சமூகத்துக்கு அது பெரிய செய்தி. பாராட்டுக் கூட்டம் கூட நடந்தது. கேளுஸ்கர் என்ற ஆசிரியர் தாம் எழுதிய புத்தர் வரலாற்று நூலைப் பரிசளித்தார். அவர் முயற்சியால் பரோடா மன்னர் சாயாஜிராவ் உதவித் தொகை தந்தார். 1912இல் பி.ஏ. பட்டம்.

கடல் தாண்டிய வகுப்பறை

1913 பிப்ரவரியில் தந்தை மறைந்தார். அதே ஆண்டு ஜூலை மாதம், பரோடா மன்னரின் உதவியோடு நியூயார்க் நகரில் போய் இறங்கினார் பீமராவ். வயது 22. சேர்ந்த இடம் கொலம்பியா பல்கலைக் கழகம்.

அங்கே கோணிப்பை இல்லை. தனிக் குடமில்லை. எந்த நாற்காலியிலும் உட்காரலாம். எந்த மேசையிலும் சாப்பிடலாம். இருபத்திரண்டு வயதில்தான் அவருக்குச் சாதாரண மனிதனாக நடமாடக் கிடைத்தது! வேறொருவராக இருந்தால் அந்தச் சுகத்திலே மயங்கியிருப்பார். இவரோ நூல் நிலையத்துக்குள் போனவர் வெளியே வர மறந்தார். பழைய புத்தகக் கடைகளில் அலைந்து இரண்டாயிரம் புத்தகம் வரை சேர்த்தார் என்று வாழ்க்கை வரலாறு சொல்கிறது.

அவர் எடுத்துக்கொண்ட பாடங்களைக் கவனியுங்கள். பொருளாதாரத்தில் 29. வரலாற்றில் 11. சமூகவியலில் 6. தத்துவத்தில் 5. மானிடவியலில் 4. அரசியலில் 3. பட்டம் பொருளாதாரத்துக்குத்தான். அப்படியிருக்க, சமூகவியலும் மானிடவியலும் எதற்கு? மசூர் நிலையத்து வண்டிக்காரனுக்கு விடை பொருளாதாரத்தில் மட்டும் கிடைக்காது என்பதை அவர் வாழ்க்கையே அவருக்குக் காட்டியிருந்தது.

நல்ல ஆசான்கள் அமைந்தார்கள். தத்துவத்துக்கு ஜான் டூயி. பொருளாதாரத்துக்கு செலிக்மன். சமூகவியலுக்கு கிடிங்ஸ். மானிடவியலுக்கு கோல்டன்வைசர், இவர் பிரான்ஸ் போவாஸ் என்ற பேரறிஞரின் மாணவர். அந்த போவாஸ் கொலம்பியாவில் இருந்துகொண்டு, பிறப்பிலேயே உயர்ந்த இனம், தாழ்ந்த இனம் என்று பேசுவதற்கு அறிவியல் ஆதாரம் இல்லையென்று வாதாடி வந்த காலம் அது. அமெரிக்காவில் குடியேறியவர்களின் மண்டையையும், அங்கே பிறந்த அவர்கள் பிள்ளைகளின் மண்டையையும் அளந்து பார்த்து, வடிவம் மாறுகிறது என்று காட்டியவர் அவர்.

எழும்பூரில் அளந்த மூக்கு

இதே காலத்தில் நம் ஊரில் மானிடவியல் எப்படி இருந்தது தெரியுமா? எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போயிருப்பீர்கள். 1885 முதல் பல ஆண்டு அதன் தலைவராக இருந்தவர் எட்கர் தர்ஸ்டன் என்ற வெள்ளைக்காரர். அளவுகோலும் கையுமாக ஊர் ஊராகப் போய் மனிதர்களின் தலையை அளந்தார், மூக்கை அளந்தார், எந்தச் சாதி, எந்த வழக்கம் என்று எழுதிக்கொண்டார். ரங்காச்சாரியின் துணையோடு தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு பெரிய தொகுதிகளை 1909இல் வெளியிட்டார். அவர் சேர்த்த செய்திகள் ஏராளம்; இன்றும் ஆராய்ச்சியாளர்கள் புரட்டுகிறார்கள். அதை மறுக்க வேண்டாம்.

ஆனால் அளந்தவர் யார்? ஆளுகிற வெள்ளைக்காரர். அளக்கப்பட்டவர் யார்? ஏரோட்டியவரும் மலையில் தேனெடுத்தவரும். 1901ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்புக்குத் தலைமை தாங்கிய ரிஸ்லி என்பவர் இன்னும் ஒரு படி மேலே போனார். மூக்கு மெலிந்தால் சாதி உயர்வு, மூக்கு அகன்றால் சாதி தாழ்வு என்று ஒரு கணக்கே போட்டுவிட்டார்!

இப்படி அளக்கப்படும் பக்கத்தில் நிற்க வேண்டிய ஒரு பிள்ளை, அளக்கும் பக்கத்துக்குப் போய்விட்டால் என்ன ஆகும்? அதுதான் 1916இல் நடந்தது.

மே 9

1916 மே 9. கோல்டன்வைசரின் மானிடவியல் ஆய்வு வகுப்பு. 25 வயது பீமராவ் இந்தியாவில் சாதிகள் எப்படித் தோன்றின, எப்படி இயங்குகின்றன, எப்படி வளர்ந்தன என்று ஒரு கட்டுரை படித்தார். ஐரோப்பிய அறிஞர்களான செனார், நெஸ்பீல்டு, ரிஸ்லி, இந்தியரான கேட்கர் ஆகியோர் சாதிக்குத் தந்த விளக்கங்களை ஒவ்வொன்றாக எடுத்து, எது பொருந்தும், எது பொருந்தாது என்று பிரித்துக் காட்டினார்.

தீட்டுதான் சாதியின் உயிர் என்றார்கள் சிலர். தொழில்தான் வேர் என்றார்கள் சிலர். இன வேறுபாடு என்றார்கள் சிலர். இளைஞர் அவற்றையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு ஒரே இடத்தில் விரலை வைத்தார். அந்த இடம் திருமணம். தன் கூட்டத்துக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுப்பது. வெளியே கொடுக்காமலும் வெளியிலிருந்து எடுக்காமலும் காவல் போடுவது. அந்தக் காவல் இருக்கிற வரை சாதி இருக்கும். அது விழுந்தால் சாதி விழும்.

சரி, அந்தக் காவலை எப்படி நடத்தினார்கள்? இங்கேதான் அவர் அறிவின் கூர்மை. ஒரு கூட்டத்தில் ஆணும் பெண்ணும் ஏறக்குறைய சம எண்ணிக்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். கணவனும் மனைவியும் ஒரே நாளில் சாவதில்லை. கணவன் முதலில் இறந்தால் ஒரு பெண் மிஞ்சுகிறாள். அவள் வெளியே மணந்தால் காவல் உடையும். உள்ளேயே மறுமணம் செய்தால் ஒரு கன்னிப் பெண்ணுக்கு மாப்பிள்ளை குறையும். என்ன செய்தார்கள்? கணவனோடு சேர்த்து எரித்தார்கள். எரிக்காத இடத்தில் தாலி அறுத்து, மூலையில் உட்கார வைத்தார்கள். மனைவி இறந்தால்? ஆணை எரிப்பார்களா? மாட்டார்கள்! துறவியாக இரு என்றால் இருப்பானா? மாட்டான்! ஆகவே இன்னும் பருவம் அடையாத சிறுமியைக் கொண்டு வந்து அவனுக்குக் கட்டினார்கள். உடன்கட்டை, கைம்மை, குழந்தை மணம் என்ற மூன்று கொடுமைகளும் மூன்று தனித்தனி மூட நம்பிக்கைகள் அல்ல. சாதி என்ற ஒரே இயந்திரத்தின் மூன்று பற்சக்கரங்கள் என்று காட்டினார்.

நம் சட்டம் உடன்கட்டையை 1829இல் தடுத்தது. கைம்பெண் மறுமணத்தை 1856இல் அனுமதித்தது. சீர்திருத்தக்காரர்கள் ஒவ்வொன்றாகப் போராடினார்கள். அவற்றை எல்லாம் ஆட்டிவைத்த அச்சு எங்கே இருக்கிறது என்று கழற்றிக் காட்டியவர் இந்த மாணவர்.

சாதியைப் படைத்தவர் மனு ஒருவரே என்பதையும் அவர் ஏற்கவில்லை. ஒரு மனிதன் ஏட்டில் எழுதியதால் ஒரு நாடே கீழ்ப்படிந்துவிடாது. மேலே இருந்த புரோகிதர் கூட்டம் முதலில் தனக்கு வேலி போட்டுக்கொண்டது. உயர்ந்தவர் செய்வதைப் பார்த்து மற்றவரும் அப்படியே செய்தார்கள். வேலி போட மறுத்தவர் வேலிக்கு வெளியே தள்ளப்பட்டார்கள் என்பது அவர் வாதம். 1917 மே மாதம் இந்தியன் ஆன்டிக்குவரி என்ற ஆய்வு இதழில் அந்தக் கட்டுரை அச்சேறிற்று.

படிப்பு தெருவுக்கு வந்தது

பிறகு லண்டன் பொருளாதாரப் பள்ளியில் சேர்ந்தார். உதவித் தொகைக் காலம் முடிந்ததால் 1917இல் பாதியில் திரும்ப நேர்ந்தது. ஒப்பந்தப்படி பரோடா அரசில் வேலை. கொலம்பியாவின் எம்.ஏ.வைக் கையில் வைத்திருந்த அந்த அதிகாரியின் மேசையில், சேவகர்கள் கோப்புகளைத் தூரத்திலிருந்து வீசினார்கள். குடியிருக்க வீடு தருவாரில்லை. பார்சி விடுதியில் பார்சிப் பெயர் சொல்லித் தங்கினார். விஷயம் தெரிந்ததும் தடியோடு வந்து வெளியேற்றினார்கள். பூங்காவில் உட்கார்ந்து கண்ணீர் வடித்துவிட்டு பம்பாய்க்கு ரயில் ஏறினார். பட்டம் மாறிற்று, பார்வை மாறவில்லை. மசூர் நிலையத்து வண்டிக்காரன் பரோடாவில் பல உருவில் வந்து நின்றான்!

சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராகிப் பணம் சேர்த்து, நண்பரிடம் கடனும் வாங்கி, 1920இல் மீண்டும் லண்டன் சென்றார். பகலெல்லாம் நூல் நிலையம். இரவில் பசி வந்தால் ஒரு கோப்பைப் பாலும் நான்கு அப்பளமும். 1923இல் பாரிஸ்டர் தகுதியோடு திரும்பினார்; டி.எஸ்சி. பட்டமும் அதே ஆண்டு கிடைத்தது. கொலம்பியாவின் முனைவர் பட்டம் 1927இல் முறையாகக் கிடைத்தது.

அதே 1927 மார்ச் 20. மகாட் ஊரில் சவதார் குளம். ஆயிரக்கணக்கானோரோடு நடந்து போய் ஒரு கை நீர் அள்ளிக் குடித்தார். பள்ளியில் தண்ணீர் மறுக்கப்பட்ட பையன், நியூயார்க்கில் அதன் காரணத்தைப் படித்துவிட்டு, நாடு திரும்பி அந்தக் குளக்கரையில் நின்றான் என்று நினைத்துப் பாருங்கள்.

ஆலைத் தோழர்கள் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும். பம்பாய்ப் பஞ்சாலைகளில் நெசவுப் பகுதியில் கூலி அதிகம். அங்கே தாழ்த்தப்பட்டோரைச் சேர்ப்பதில்லை. ஏன்? தறி நாடாவில் நூலை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். அதே நாடாவில் இன்னொருவர் வாய் வைக்க வேண்டும். தீட்டாம்! முதலாளி போட்ட தடை மட்டுமல்ல அது; கூட வேலை செய்த தொழிலாளியும் சேர்ந்து போட்ட தடை. 1928 வேலை நிறுத்தத்தின்போது, இந்தத் தடையும் நீங்க வேண்டும் என்று அம்பேத்கர் எழுப்பிய குரல் பலருக்குக் கசந்தது. சாதி என்பது வேலையைப் பங்கிடுவது மட்டுமல்ல, வேலை செய்கிறவர்களையே பங்கு போட்டு ஒருவர் தலைமேல் ஒருவராக அடுக்குவது என்று 1936இல் அவர் எழுதியதன் பொருள் அந்த நூல் நாடாவில் இருக்கிறது. லாகூர் மாநாட்டுக்கென அவர் எழுதி, பேச இடம் மறுக்கப்பட்ட அந்த உரையைத் தந்தை பெரியார் தமிழாக்கி, குடி அரசு வாயிலாக நம் மக்களிடம் கொண்டுவந்து சேர்த்தார்.

அதனால் அவர் தொழிலாளருக்கு எதிரியானாரா? இல்லை! 1936இல் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைக் கண்டார். 1938 நவம்பர் 7 அன்று, வேலை நிறுத்த உரிமையைப் பறிக்கும் மசோதாவை எதிர்த்துப் பொதுவுடைமையாளரோடு தோளோடு தோள் நின்று வேலை நிறுத்தம் நடத்தினார். 1942 முதல் வைசிராய் நிருவாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினர். 1944 செப்டம்பரில் சென்னைக்கு வந்து பல கூட்டங்களில் பேசியதும் அந்தப் பதவியில் இருந்தபோதுதான். 1946இல் ஆலை வேலை நேரம் வாரத்துக்கு 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைந்தது அவர் கொண்டு வந்த திருத்தத்தால். இன்று எட்டு மணிக்குச் சங்கு ஊதியதும் வீட்டுக்குத் திரும்புகிற தொழிலாளி, அதில் அவர் பங்கை மறக்கலாமா?

மூக்கு அளந்தவர்களுக்கும் அவர் பதில் வைத்திருந்தார். 1948இல் தீண்டப்படாதோர் பற்றி எழுதிய நூலில், குர்யே என்ற சமூகவியல் அறிஞர் தொகுத்துக் காட்டிய மூக்கு அளவுகளையே எடுத்துக்கொண்டார். அளவுகள் உண்மையானால், ஒரே பகுதியில் வாழும் பிராமணரும் தீண்டப்படாதவரும் ஒரே இனத்தவர் என்றுதான் முடிவாகும் எனக் காட்டினார். அவர்கள் கோலை வாங்கி, அவர்கள் கணக்கை அளந்து திருப்பிக் கொடுத்தார்! 1952 ஜூனில் கொலம்பியா அவரைத் திரும்ப அழைத்துக் கௌரவப் பட்டம் அளித்தது. 1956 டிசம்பர் 6 அன்று அவர் கண் மூடினார்.

நம் வீட்டு வாசல்

இப்போது நம் தோழரின் மகளுக்கு வருவோம். இந்தப் படிப்பு சோறு போடுமா? ஆசிரியர் வேலை, ஆய்வு வேலை, சமூகநலப் பணி என்று வழிகள் உண்டு. பொறியியலைப் போல விரைவாகக் காசு தராது என்பதையும் மறைக்க வேண்டாம். நம் அடையாறு காந்தி நகரிலேயே 1971இல் மால்கம் ஆதிசேஷையா தொடங்கிய வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. மெரினாக் கரையில் சென்னைப் பல்கலைக் கழகம் மானிடவியல் கற்பிக்கிறது. கதவு இருக்கிறது. அதற்குள் யார் பிள்ளைகள் போகிறார்கள் என்பதே கேள்வி. நம்மைப் பற்றி எழுத மற்றவர் பிள்ளைகள் மட்டும் போனால், மறுபடியும் நாம் அளக்கப்படுகிறவர்கள்தான்.

தினமும் பார்க்கிறோமே, அதைப் படிப்பானேன் என்றார் தோழர். தினமும் பார்ப்பதால்தான் தோழரே, நமக்குத் தெரிவதில்லை! மயிலைத் தெப்பக்குளத்தை ஆயிரம் முறை பார்த்தவனுக்கு ஆழம் தெரியுமா?

தியாகராய நகருக்கு ஒரு முகூர்த்த மாதத்தில் போங்கள். உஸ்மான் சாலையில் பட்டுக்கும் தங்கத்துக்கும் கூட்டம் அலைமோதும். தோளோடு தோள் உரசி நிற்பார்கள். யாரும் யாருடைய சாதியும் கேட்பதில்லை. ஒரே கடை, ஒரே பட்டு, ஒரே பில். வெளியே வந்ததும் ஒவ்வொருவரும் தத்தம் வேலிக்குள் போய்த்தான் தாலி கட்டுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மணமக்கள் விளம்பரத்தைப் பிரித்தால், 1916இல் 25 வயது இளைஞர் சொன்னதன் சாட்சி பத்தி பத்தியாக அச்சில் கிடக்கிறது. வேலியைத் தாண்டிய பிள்ளைகளை இந்நாட்டில் வெட்டியும் எரித்தும் கொன்ற செய்திகளை நாம் படிக்கவில்லையா?

மேடையில் முழங்குவது எளிது. சங்கத்தில் கைகோத்து நிற்பதும் நன்று. அண்ணல் விரல் வைத்த இடம் மேடையும் அல்ல, சங்கமும் அல்ல. நம் வீட்டுக் கல்யாணப் பந்தல். அங்கே நாம் எப்படி நடக்கிறோம்?

அந்தப் பெண் சமூகவியல் படிக்கட்டும் தோழரே. படித்துவிட்டு வந்து, முதல் கேள்வியை அவள் உங்களிடமே கேட்கக்கூடும். பதிலோடு காத்திருங்கள்.